கண்ணா இலையில் உப்பு எப்படி வந்தது?

ஆவணி மாதத்து நடுப்பகலில், மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் ஒரு கண்ணா மரத்தின் இலையைப் பறித்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பொடிப்பொடியாக ஏதோ மினுங்கும். நாக்கில் வைத்தால் உப்பு. கடற்காற்று கொண்டுவந்து போட்டது மட்டுமல்ல அது. மரமே தன் உடம்பிலிருந்து வெளியே தள்ளியது.

எலுமிச்சங்காயைப் பிளந்து உப்புப் போட்டு வைத்தால் காய் நீர் விட்டுச் சுருங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்தோமே, அதுதான். உப்பு மிகுந்த பக்கம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வயலுக்குள் உவர்நீர் ஏறினால் நெற்பயிர் வாடுவதும் இதனால்தான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தெடுக்க, வளிமண்டல அமுக்கத்தைப் போலச் சுமார் 25 மடங்கு விசை வேண்டும்.

மிண்டிவேர் ஊன்றி நிற்கும் கண்டல் மரத்துக்கு அந்த விசை இருக்கிறது. வெயிலில் இலைகள் நீரை ஆவியாக விட விட, காழுக்குள், அதாவது மரத்தின் நீர்க்குழாய்களுக்குள், இருக்கும் நீர் அறுபடாமல் வேர் வரைக்கும் இழுபடுகிறது. வேரின் சவ்வுகள் தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு, உப்பின் பெரும்பகுதியை வாசலிலேயே மறித்துவிடுகின்றன. பெர் ஷோலாண்டர் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1960களில் வெட்டிய கிளைகளை அமுக்கக் கலனில் பொருத்தி இந்த இழுவிசையை அளந்தார். கடல்நீர் தன் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் விசையையும் அது மிஞ்சியிருந்தது. வெறும் வெயிலை வைத்துக்கொண்டு ஒரு மரம் இதைச் செய்கிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

கண்ணாவும் வேரில் வடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தப்பி ஏறிவிடும் உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. உவர்த்தரையில் படரும் உமிரிக்கு வேறு வழி: தடித்த இலைக் கலங்களின் புன்வெற்றிடங்கள் எனும் சிறு நீர்ப்பைகளுக்குள் உப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

உப்பை வென்றாலும் மூச்சு விட வேண்டுமே. வாவிச் சேற்றைக் காலால் கிளறினால் கறுப்பாக, கூழ்முட்டை வாடையோடு வரும். அதற்குள் ஒட்சிசன் இல்லை. அதனால் கண்ணாவின் வேர்கள் பென்சில் பென்சிலாக மேல்நோக்கி முளைக்கின்றன. அவற்றின் தோலில் உள்ள பட்டைவாய்கள் எனும் நுண்துவாரங்களால் காற்று நுழைந்து, பஞ்சு போன்ற இழையத்தின் வழியே அடிவேருக்கு இறங்கும். 1955இல் ஷோலாண்டர் குழுவினர் கண்டலின் மிண்டிவேர்களில் உள்ள இதே போன்ற துவாரங்களைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். ஓரிரு நாளிலேயே வேருக்குள் ஒட்சிசன் சரிந்துவிட்டது.

நம் வாவியில் இது இன்னும் முக்கியம். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. இங்கே நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது மாரி மழையும், முகத்துவாரத்தை மூடும் மணல்திட்டும்தான். மாரியில் வாவி கிட்டத்தட்ட நன்னீராகும். கோடையில் உவர் ஏறும். முகத்துவாரம் வெட்டப்படாமல் வெள்ளம் தேங்கினால் மூச்சுவேர்கள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும்.

கண்டலுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதன் வித்து தாய்மரத்தில் தொங்கியபடியே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக வளர்ந்த பிறகுதான் விழும். உப்புச் சேற்றில் முளைவிடும் ஆபத்தான கட்டத்தை அது மரத்திலேயே கடந்துவிடுகிறது. பொறுக்கிச் சேற்றில் குத்துவதும் சுலபம். அதனாலேயே 2004 சுனாமிக்குப் பிறகு தீவெங்கும் கண்டல் முளைகளாக நட்டார்கள். நடப்பட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. ஓயாமல் நீர் நின்ற இடத்திலும், வறண்டு வெடித்த இடத்திலும் நட்டிருந்தார்கள், மாடுகளும் மேய்ந்திருந்தன.

நட்டவர்களின் மனசில் குறையில்லை, நட்ட இடம்தான் பிழை. வாவிக்கரையில் இனி நடப்போகிறவர்கள் முளை பொறுக்கும் முன், மாரியில் அந்த இடத்தில் எவ்வளவு நாள், எந்த மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அங்கே வலை வீசுகிறவரிடம் கேட்கட்டும். நீர் வடிந்து காற்றுப் படுகிற இடமென்றால் நடலாம். எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும் இடமென்றால் அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே கண்ணா தானாக முளைத்திருக்கும் கரைக்கு மாடு போகாமல் வேலி போடுவது மேல்.