‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற பிறகு

ஈரோடு பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வலி நிவாரணச் சிகிச்சை தரும் மருத்துவர் நான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகனோ மகளோ ஓடி வந்து காதோடு சொல்வார்கள்: “அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க டாக்டர். தெரிஞ்சா நம்பிக்கையே போயிரும்.” உள்ளே போனால் அப்பா ஜாடை காட்டி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, “எனக்குத் தெரியுமுங்க. பையன்கிட்ட சொல்லிராதீங்க, ஒடஞ்சு போயிருவான்” என்பார். ஒரே வீட்டில் இரண்டு ரகசியம், இரண்டும் ஒரே விஷயம்.

அப்படிப் பார்த்த வீடுகளில் ஒன்று மாட்டுத் தரகர் ஒருவருடையது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அறுபது தாண்டியவர். வாயில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, இங்கே எல்லோரும் ‘கரண்ட்’ என்று சொல்லும் கதிர்வீச்சு, எல்லாம் முடிந்து, “இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. பேரனின் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுவார். சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக.

முதல் நாளே அவருடைய மருமகள் கேட்டார்: “இந்த நிமிஷத்துல வாழணும்னு போன்ல நெறைய வீடியோ வருதுங்களே, மாமாவுக்குத் தியானம் ஏதாச்சும் சொல்லித் தரலாமா?” நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். ஆனால் அந்த மனிதர் ஒரு வாரமாகப் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். வலி உச்சத்தில் இருப்பவருக்கு அந்த நிமிடத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் துடிக்கிறார். தியானம் அப்புறம். முதலில் மார்ஃபின்.

அபினிலிருந்து எடுக்கும் இந்த வலி மருந்தின் பெயரைச் சொன்னதும் வீட்டில் எல்லோர் முகமும் மாறும். போதைப் பழக்கம் ஆகிவிடுமோ, இதுதான் கடைசி மருந்தோ என்று. புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில், மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது இந்தப் பயங்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் அனேகமாக எல்லோருக்கும் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதுவோம். சட்டப்படி அபின் பயிரிடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்படியிருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே மார்ஃபின் எட்டாக்கனியாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் தளர்ந்த அளவுக்கு எங்கள் மருத்துவர்களின் தயக்கம் தளரவில்லை என்பது என் வருத்தம்.

மூன்றாம் நாள் அவர் படுத்துத் தூங்கினார்.

அடுத்தது நாற்றம். கன்னத்துப் புண்ணில் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் பெருகினால் வரும் வாடை அது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டில் மெல்ல மெல்லப் பின்கட்டு அறைக்குப் போயிருந்தது, பேரன் வாசற்படியோடு நின்றுவிடுவான். அந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லிக் கொடுத்தோம். விலை சில ரூபாய்தான். ஒரு வாரத்தில் வாடை அடங்கியது. கட்டில் முன்வாசலுக்கு வந்தது, பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். ‘ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற வாக்கியத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது புரிந்திருக்கும்.

லண்டனில் 1967இல் கடைசிக் கட்ட நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், ‘முழு வலி’ என்று ஒன்றைச் சொன்னார். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், காசு, கடவுள் எல்லாமே அதில் பின்னிக் கிடக்கும். நம் ஊரில் இதைப் பேசப் புதிய சொல் எதுவும் வேண்டியதில்லை. “மனக்குறை ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டாலே போதும். அவரிடமும் கேட்டேன். நெடுநேரம் கழித்து சிலேட்டில் எழுதினார்: “ஆடி.”

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லையாம். அப்போது சித்திரை மாதம். “போலாமுங்க, எல்லாம் சரியாயிடும்” என்று மகன் அவசரமாகச் சொன்னார். இப்படிச் சொல்லித்தான் நாம் பேச்சை மூடிவிடுகிறோம். நான் சொன்னேன்: “ஆடி வரைக்கும் உடம்பு தாங்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்குங்க அய்யா. தாங்கினா வண்டி ஏற்பாடு பண்ணலாம். அதுக்கு முன்னாடி, இந்த வாரம் என்ன வேணும்?” மகன் என்னை முறைத்தார். அப்பா அழவில்லை. தலையை ஆட்டினார், பல மாதமாக யாரும் தட்டாத கதவை யாரோ தட்டியது போல.

அமெரிக்க உளவியலாளர் ஸ்னைடர் நம்பிக்கையை அலசும்போது இலக்கு, அதற்கான வழிகள், போக முடியும் என்ற ஊக்கம் என்று மூன்றாகப் பார்த்தார். வழி அடைபட்டால் மூன்றையும் சேர்த்துக் கைவிட வேண்டியதில்லை, இலக்கைக் கொஞ்சம் கிட்டே நகர்த்திவைக்கலாம். என் அனுபவத்தில் நோயாளிகள் இதைச் சீக்கிரம் செய்துவிடுகிறார்கள். திணறுவது கூட இருப்பவர்கள்தான். மகன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, போனில் அடுத்த ஊர் வைத்தியத்தைத் தேடிக்கொண்டிருப்பார். விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி, 46.9 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லாமல் வேறெங்கோ அலைகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். நோயாளி வீட்டில் எடுத்திருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும் என்று தோன்றும். அந்த மகனுக்கு நான் கொடுத்த வேலை இதுதான்: தினமும் காலை புண்ணைத் துடைத்துக் கட்டுவது, அந்த அரைமணி நேரம் போனை அலமாரியில் வைப்பது. அதைச் செய்த நாட்களில்தான் அப்பாவும் பிள்ளையும் வீட்டுக் கடன், பேரன் படிப்பு எல்லாம் சிலேட்டில் பேசி முடித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் அரசு மருத்துவமனையில் வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தருகிறார்கள். கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆடிக்கு அவர் இருக்கவில்லை. ஆனால் வைகாசியில் ஒரு நாள் நான் போனபோது வாசலில் ஒரு வியாபாரி நின்றிருந்தார். வீட்டுக் கன்று விலைக்கு. சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாய் திறக்கவே வேண்டாம். மருமகள் துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டார். வியாபாரியின் கை உள்ளே போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வியாபாரி “கட்டாதுங்க” என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த விரலை விடாமல் இருந்தார். கடைசியில் வியாபாரி சிரித்துவிட்டார்.

என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டேன். சிலேட்டை வாங்கி எழுதினார்: “அதைச் சொல்லக் கூடாது.”