பழகப் பழக வரும் குணம்

ஒரு கல்லைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே போகும் பழக்கம் அதற்கு வராது. மனிதர் அப்படியில்லை என்கிறார் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). நற்குணத்தோடு நாம் பிறப்பதில்லை. அதை ஏற்கும் தகுதியோடு பிறக்கிறோம். மீதி பழக்கத்தின் வேலை. கிரேக்கத்தில் ‘எதோஸ்’ என்றால் பழக்கம், ‘ஏதோஸ்’ என்றால் குணம். குறிலை நெடிலாக்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது!

யாழ் போன்ற லைரை மீட்டி மீட்டித்தான் ஒருவர் கலைஞர் ஆகிறார். தப்புத் தப்பாக மீட்டிப் பழகினால் மோசமான கலைஞரும் ஆகிறார். ஆசிரியர் தேவைப்படுவது இதனால்தான். துணிவும் அப்படியே: ஆபத்தின் முன் நின்று பழகியவர் வீரராகிறார், அஞ்சிப் பழகியவர் கோழையாகிறார்.

குணம் படிந்துவிட்டதை எப்படி அறிவது? செயலோடு வரும் இன்பத்தை வைத்து. ஆசையை அடக்கி, அதில் மகிழ்பவரே அடக்கமுடையவர். அடக்கிவிட்டு உள்ளுக்குள் புழுங்குபவருக்கு அந்தக் குணம் இன்னும் வரவில்லை. தகுந்தவற்றில் மகிழவும் தகுந்தவற்றுக்கு வருந்தவும் சிறுவயதிலேயே பழக்குவதுதான் கல்வி என்று அவருடைய ஆசிரியர் பிளேட்டோவும் சொன்னார்.

அரிஸ்டாட்டில் வகுத்த பாடத்திட்டத்தில் இசைக்குப் பெரிய இடம் கிடைத்ததும் இதனால்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. கோபம், சாந்தம், துணிவு ஆகியவற்றின் சாயல் மெட்டுகளில் உண்டு. கேட்கும் பிள்ளையின் மனம் அவற்றோடு சேர்ந்து அசைகிறது. உண்மையான கோபம் வருமுன்பே அதன் அளவு பழகிவிடுகிறது. தானே வாசித்தவருக்குத்தான் நல்ல இசையை எடைபோடத் தெரியும் என்பதால் பிள்ளைகள் வாசிக்கவும் வேண்டும். ஆனால் போட்டிக் கலைஞர் அளவுக்கு வேண்டாம். ஔலோஸ் என்னும் குழலையும் அவர் ஒதுக்கினார்: அது உணர்ச்சியைக் கிளறுகிறது, ஊதும்போது சொல்லைப் பாடவும் முடியாது. கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை எப்படியோ, வளர்ந்த பிள்ளைக்குக் கல்வி அப்படி என்றும் எழுதினார்.

எடைபோடும் திறன் அன்றைய கிரேக்க நகர அரசான ஏதென்ஸில் அன்றாடத் தேவை. அங்கே தொழில்முறை நீதிபதிகள் இல்லை. 30 வயது கடந்த குடிமக்களில் 6,000 பேரை ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்தார்கள். 501 பேர் கூடி ஒரு வழக்கை முடிப்பதும் உண்டு. அத்தனை பேரின் கோபமும் இரக்கமும் பக்குவப்பட்டிருக்க வேண்டாமா? அப்படியிருந்தும் கல்வியை அவரவர் தந்தை விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். நகரத்தின் நோக்கம் ஒன்றென்றால் கல்வியும் எல்லோருக்கும் பொதுவாக, நகரத்தின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். இன்னொரு கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா இதைச் செய்ததைப் பாராட்டினார். கடும் பயிற்சியால் பிள்ளைகளை விலங்குபோல் ஆக்கியதைக் கண்டித்தார்.

அந்த ‘எல்லோரில்’ அடிமைகள் இல்லை. அவர் வகுத்த சிறந்த நகரத்தில் கைவினைஞர்களும் குடிமக்கள் அல்லர். கல்லுக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வளவு துல்லியமாகக் கண்டவர், கொல்லன் வீட்டுக் குழந்தையிடம் அதைக் காணவில்லை.