‘அஸ்’ மரியாதைக் குறைவான சொல் அல்ல

மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகள் சிலர், பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வயல் முழுகிப்போன கதை. சர்வே எண், அடங்கல், போட்டோ எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடிதத்துக்கு உயிரான வரி மட்டும் இப்படி இருந்தது: ‘ப்ளீஸ் ரிலீஸ் தி அமவுன்ட் டியூ டு வீ ஃபார்மர்ஸ்.’ எழுதியது எம்.காம். முடித்த பிள்ளை. கேட்டால், “அஸ் ஃபார்மர்ஸ்னு போட்டா லோக்கலா இருக்கு மிஸ்” என்கிறார்.

கும்பகோணத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடிதமும் வேலை விண்ணப்பமும் திருத்துவது அதோடு சேர்ந்த வேலை. வேறு எந்தப் பிழையையும் பொறுமையாகத் திருத்திவிடுவேன். ‘அஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘வீ’ போடும் இந்தப் பிழை மட்டும் படித்தவர்களிடமிருந்தே திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

விதி சின்னது. டு, ஃபார், வித், ஃப்ரம், பை, ஆஃப், அபவுட், பிட்வீன் போன்ற பிரிபொசிஷனுக்குப் பின்னால் வரும் பிரதிப்பெயர் எழுவாயாக இருக்க முடியாது. வீ என்பது அஸ் ஆகும், தே என்பது தெம் ஆகும். ஃபார் அஸ், வித் தெம், அவ்வளவுதான்.

என்னை வாட்டுவது விதி தெரியாமை அல்ல. ‘ஐ’யும் ‘வீ’யும் படித்தவர் பேச்சு, ‘மீ’யும் ‘அஸ்’ஸும் படிக்காதவர் பேச்சு என்று மனதில் ஊறிப்போன எண்ணம்தான். இது எங்கே முளைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை ‘மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட் டு திருவையாறு’ என்று எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ‘மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ’ என்று எழுதுகிறார். திருத்தம் சரி. ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. பிள்ளை என்ன எடுத்துக்கொள்கிறது? மீ தப்பு, ஐ சரி. மீ முரட்டுத்தனம், ஐ பணிவு. அதற்குப் பிறகு எந்த இடத்தைப் பார்த்தாலும் மீயை எடுத்துவிட்டு ஐயை வைக்கிறது. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’, ‘தி லெட்டர் வாஸ் சென்ட் டு மை பிரதர் அண்ட் ஐ’. அதே கை பழகிப்போய் ‘டு வீ ஃபார்மர்ஸ்’ வரைக்கும் வந்து நிற்கிறது. அந்த வாக்கியத்தில் ஆசிரியர் மீயை அடித்தது அது எழுவாய் இடத்தில் நின்றதால். மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் அஸ் என்று சொன்னால் யாரும் தாழ்ந்துபோவதில்லை. வீ என்று சொன்னால் உயர்வதும் இல்லை. இடம்தான் சொல்லைத் தீர்மானிக்கிறது, ஆள் அல்ல.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலும் பலர் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஷேக்ஸ்பியரின் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் அன்டோனியோ எழுதும் கடிதத்திலேயே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ இருக்கிறது என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடினார். படித்து வந்து வாதாடியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இன்றைக்கு வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ தான் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் இருவரையும் சேர்த்து ஒரே பன்மைச் சொல்லாக்கிப் பாருங்கள். ‘பிட்வீன் வீ’ என்று உங்கள் வாயிலேயே வராது, ‘பிட்வீன் அஸ்’ என்றுதான் வரும். அப்படியானால் அங்கே மீதான்.

‘வீ ஃபார்மர்ஸ்’ விஷயத்துக்கும் இதே போல ஒரு வழி உண்டு. ஃபார்மர்ஸை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ‘டியூ டு வீ’ என்று யாராவது எழுதுவார்களா? ‘டியூ டு அஸ்’. விரலை எடுத்தால் ‘டியூ டு அஸ் ஃபார்மர்ஸ்’. அந்தப் பிள்ளை ஃபார்மர்ஸ் என்று சேர்த்தது நல்ல யோசனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘நமக்கு’ என்றால் கேட்பவரும் சேர்த்தி, ‘எங்களுக்கு’ என்றால் சேர்த்தி இல்லை. ஆங்கிலத்துக்கு இரண்டும் அஸ்தான். யாருக்கு என்பது தெளிவாக வேண்டுமானால் பெயரைச் சேர்ப்பதே வழி.

தே, தெம் விஷயத்தில் தடுமாற நமக்கு வேறு காரணம் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது நாங்கள் என்பது எங்களுக்கு ஆகிறது, நாம் என்பது நமக்கு ஆகிறது, நீங்கள் என்பது உங்களுக்கு ஆகிறது. ஆனால் அவர்கள் மாறுவதில்லை. அவர்களுக்கு, அவர்களோடு, அவர்களிடம். ஆங்கிலத்தில் இது தலைகீழ். யூ மாறாமல் நிற்கும், தே மாறும். அதனால்தான் ‘வித் அஸ்’ என்று சரியாக எழுதும் பிள்ளைகள்கூட அடுத்த வரியிலேயே ‘ஃப்ரம் தே’ என்று எழுதிவிடுகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்ன பிறகு பலருக்கு அந்தப் பிழை நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று நம் நல்ல பழக்கத்திலிருந்தே வருகிறது. ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஐ லேர்ன்ட் ஃபார்மிங் ஃப்ரம் தெம்.’ அப்பாவை ‘அவங்க’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு ‘ஹிம்’ என்று எழுத மனம் வருவதில்லை. “அவன்னு சொல்ற மாதிரி இருக்கு மிஸ்” என்பார்கள். புரிகிறது, அம்மாடி. ஆனால் படிக்கும் அதிகாரி, தெம் என்பது யார் யார் என்று முந்தின வரியில் தேடுவார். ஆண் பெண் தெரியாத ஒருவரைத் தே என்று குறிப்பது இன்றைய ஆங்கிலத்தில் உண்டு. அப்பாவுக்கு அது பொருந்தாது. ஹிம் என்பதில் அவன், அவர் இரண்டும் அடக்கம். விசாவுக்கும் கல்விக்கடனுக்கும் எழுதும்போது தயவுசெய்து ஹிம், ஹெர் என்றே எழுதுங்கள். உங்கள் அப்பாவின் மரியாதைக்கு ஒரு குறையும் வராது.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் சிலர் மறுகோடிக்குப் போகிறார்கள். ‘ஆஃப்டர் அஸ் ஹார்வெஸ்டட் தி குறுவை’ என்று எழுதினால் தப்பு. ஆஃப்டர், பிஃபோர் இவற்றுக்குப் பின்னால் வினைமுற்றோடு ஒரு முழு வாக்கியமே வரலாம். அறுவடை செய்தது யார்? நாங்கள். அது எழுவாய், ஆகவே ‘ஆஃப்டர் வீ ஹார்வெஸ்டட்’. வெறும் பெயர் மட்டும் நின்றால் ‘ஆஃப்டர் அஸ்’. ‘ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காவிட்டால் நாற்று விடுவது எங்களுக்குக் கஷ்டம்’ என்பதை எழுதும்போது ‘டிஃபிகல்ட் ஃபார் வீ டு சோ’ என்று எழுதாதீர்கள். ‘டு சோ’ வினைமுற்று அல்ல. ‘ஃபார் அஸ் டு சோ’.

அரசியல் சாசன முகப்புரையைக் காட்டி, அதிலேயே ‘வீ, தி பீப்பிள்’ என்று இருக்கிறதே என்பவர்களும் உண்டு. இருக்கிறது, எழுவாயாக. அதே வாக்கியத்தின் கடைசிப் பகுதியையும் படியுங்கள்: ‘கிவ் டு அவர்செல்வ்ஸ் திஸ் கான்ஸ்டிடியூஷன்’. டு வந்ததும் வீ நிற்கவில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்பதால் அங்கே அவர்செல்வ்ஸ். கொடுப்பவர் வேறு என்றால் அஸ்தான். அழகுக்காக அவர்செல்வ்ஸ் போடக் கூடாது.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பிரிபொசிஷனையும் பென்சிலால் வட்டமிட்டு, அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘அண்ட்’ வந்தால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். போன் காட்டும் திருத்தத்தை அப்படியே நம்பாதீர்கள்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்’ என்பதை அடிக்கும்போது, பக்கத்திலேயே ‘ஹீ கேம் வித் மை ஃப்ரெண்ட் அண்ட் மீ’ என்று இன்னொரு வரியையும் எழுதிக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளை, மீயைக் கண்டு பயப்படாது.