கிட்டங்கி: சரக்கு கிடந்த இடமா, ஆள் கிடந்த இடமா?

காரைக்குடியில் ஒரு கடைக்காரர் ‘கிட்டங்கி’ என்றால் சரக்கு அடுக்கும் இடத்தைச் சொல்கிறார். நெல் கிட்டங்கி, உப்புக் கிட்டங்கி எல்லாம் தென்மாவட்டங்களில் இன்றும் வழங்குபவை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த பழைய கடிதத்தில் அதே சொல் இருந்தால் பொருள் வேறு.

வேர், ‘கிட’ என்னும் வினை. சங்கப் பாடல்களில் கிடங்கு என்பது அகழி. பண்டம் கிடக்கும் இடம் என்பது அதன் இன்னொரு பொருள். தெலுங்கிலும் கிட்டங்கி உண்டு. மலாயில் குடாங், கெடோங். போர்த்துகீசியர் வாய்வழியே ஆங்கிலத்துக்குப் போனது கோடவுன். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதில் அகராதிக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் கிட்டங்கியைக் கோடவுனின் கொச்சை என்று தள்ளுவது தலைகீழ்ப் பாடம்.

19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மார்க்கெட் தெருவில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் கிட்டங்கி என்றது, முன்பக்கம் தெருவைப் பார்த்த, நீளமான கடைவீட்டை. உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. தரையில் ஆளுக்கு ஓர் இடம். அங்கே ஒரு பெட்டகம், சம்மணமிட்டு எழுதச் சாய்ந்த மூடி போட்ட கணக்குப்பெட்டி. அவ்வளவுதான் ஒரு வட்டிக்கடை. பகலில் லேவாதேவி நடந்த இடத்திலேயே இரவில் பாயை விரிப்பார்கள். சமையல் பொதுவாக நடக்கும். பெரும்பாலும் முதலாளி ஊரில். கடையை மேலாள் பார்ப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் மேலாள் ஊர் திரும்புவார், வேறொருவர் வந்து உட்காருவார். குடும்பத்தை அழைத்துப்போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லாததால் அங்கே வீட்டுக்குத் தேவையும் இருக்கவில்லை. வழிபாட்டுக்கு 1859இல் எழுந்த டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில். கோயில் இன்றும் இருக்கிறது; மார்க்கெட் தெருவின் பழைய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் போய்விட்டன.

பழைய தாள்களைப் படிப்பவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ‘கிட்டங்கி வாடகை’ என்ற பற்றைச் சரக்குக் காப்புச் செலவாக எண்ணிவிடுவது ஒன்று. வட்டிக்கடைக்குச் சரக்கு ஏது? அது இருக்கைக்கும் படுக்கைக்குமான பங்கு. மற்றது, ஒரே கதவிலக்கத்தில் வரும் கடைகளை ஒரே நிறுவனமாகச் சேர்ப்பது. கடையைப் பிரித்துக் காட்டுவது முகவரி அல்ல, விலாசம். அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துச் சேர்க்கை. அதைத்தான் ஒப்பிட வேண்டும். சொல்லுக்கு முன்னால் பண்டத்தின் பெயர் நின்றால் பெரும்பாலும் கிடங்கு. தெருப்பெயரோ கதவிலக்கமோ நின்றால் இந்தக் கூட்டுக்கடை.

இன்றைய தமிழில் நிகர்? சரக்குப் பொருளுக்குக் கிடங்கு, பண்டகசாலை இரண்டும் போதும். மார்க்கெட் தெருப் பொருளுக்கு ‘விடுதி’ என்று எழுதுகிறார்கள். அதில் படுக்கை வருகிறது, பேரேடு வருவதில்லை. ‘கடை’ என்றால் பேரேடு வரும், பாய் விடுபடும். அங்கே கிட்டங்கியை அப்படியே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘தங்குமிடமும் தொழிலிடமும்’ என்று பக்கத்தில் குறித்துவிடுவதே சரி.