பொழுதுப் பண்டுவம்

செல்லூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து, இப்போது தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை. சீட்டில் 0-0-1, அதாவது இரவு மட்டும், என்று இருந்தது. மருந்துக்கடைத் தம்பி அட்டையின் பின்புறம் பேனாவால் ஒரு பிறை வரைந்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: "ராத்திரி போட்டா உடம்பு குப்புன்னு கொதிக்குதுடா, தூக்கமே இல்ல. காலையில போட்டா மருந்து வேலை செய்யாதா?"

இந்தக் கேள்வியை ஆராயும் துறைக்குப் பெயர் குரோனோதெரபி. உடலின் நாள் ஓட்டத்தைப் பார்த்து மருந்து தரும் முறை. 'க்ரோனோஸ்' என்றால் கிரேக்கத்தில் காலம். 'தெரப்பியா' என்பதற்கு முதலில் பணிவிடை, பேணுதல் என்றே பொருள். மருத்துவம் என்பது பிறகு வந்தது.

இதைக் 'காலச் சிகிச்சை' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரை போகும். காலம் என்றதும் எத்தனை வருடம் என்றுதான் மனம் கணக்குப் போடும். நாளுக்குள் எந்த நேரம் என்பதற்கு நம்மிடம் பொழுது இருக்கிறது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். தெரப்பிக்கோ, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் 'பண்டுவம் பார்ப்பது' அப்படியே பொருந்துகிறது. அதிலும் பேணுதல் இருக்கிறது. ஆக, பொழுதுப் பண்டுவம்.

சரி, பெரியம்மா கேள்விக்கு வருவோம். தமாக்சிஃபென் உடலில் பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். இதே நோய்க்குத் தரும் இன்னொரு மாத்திரையான லெட்ரோசோலுக்குச் சுமார் 2 நாள். அதனால் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு பெரிதாக ஏறி இறங்காது. தினமும் ஒரே பொழுதில், விடாமல் போடுவதுதான் முக்கியம். டாக்டரிடம் கேட்டோம், காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிறையை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சூரியன் போட்டிருக்கிறோம்.

எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், போட்ட பின் 1 மணி நேரமாவது சாப்பிடக் கூடாது. இட்லியோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறிவிடும். கூடவே தரும் ஸ்டீராய்டைச் சாப்பாட்டோடு போடுவார்கள். ஒரு வேளை மட்டும் என்றால் அதைப் பெரும்பாலும் காலையில் தருவதற்குக் காரணம், நம் உடலே தன் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலை விடியும் பொழுதில்தான் அதிகம் சுரக்கிறது. அதனால் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இந்த இரண்டும் எழுதியிருந்தால், எது சாப்பாட்டுக்கு முன், எது சாப்பாட்டோடு என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.