பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்

நான் ஜேர்மனியின் ரூர் பகுதியில் தமிழ்–டொச் (ஜேர்மன் மொழி) மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியசாலை, நீதிமன்றம், பாடசாலை, பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அலுவலகமான யூகன்ட்அம்ற் என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே போவேன். அங்கே கேட்டதை வெளியில் கதைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதனால் இங்கேயும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை. ஆனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஒரு தாய்க்கு மார்பில் கட்டி. திசுப் பரிசோதனையின் முடிவைக் கேட்க அவர் கூட்டிக்கொண்டு போனது ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனை. புற்றுநோய் என்றார் வைத்தியர். பையன் தாயின் முகத்தைப் பார்த்தான். "சின்னக் கட்டிதான் அம்மா, எடுத்துவிட்டால் சரியாம்" என்றான். தாய் தலையாட்டினார். தாய்க்கு விளங்கிவிட்டது என்று வைத்தியரும் நினைத்துக்கொண்டார். சின்னக் கட்டிதானே என்று அடுத்த சந்திப்பு நேரமான டேர்மினுக்குத் தாய் போகவில்லை. கடைசியில் வைத்தியசாலை என்னைக் கூப்பிட்டபோது பல வாரங்கள் போயிருந்தன. அத்தனை நாளும் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய் வந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

வைத்தியர் செய்தது பெரிய பிழை. நோயாளிக்கு விளங்கும்படி விளக்கம் சொல்ல வேண்டும் என்று 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டமே சொல்கிறது. அதைப் பிள்ளையின் தலையில் கட்டுவது விளக்கம் ஆகாது. இதை நான் வைத்தியர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லி வருகிறேன். ஆனால் இன்று எங்கள் ஆட்களிடம்தான் பேச வேண்டும்.

"எனக்கு ஏன் டொச்? பிள்ளை கதைக்கும்தானே." இந்த வசனத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை கதைக்கும், உண்மை. எதைக் கதைக்கும்? விளையாட்டு மைதானத்தில் கதைக்கும், கணக்குப் பாடத்தில் கதைக்கும். சிறுநீரகத்தை டொச்சில் எப்படிச் சொல்வது என்று அதற்குத் தெரிந்தாலும், தமிழில் தெரியாது. வீட்டில் அது கேட்ட தமிழ் "சாப்பிடு", "படு", "அங்கே போகாதே". கருப்பை, மாதவிடாய், கடன் தவணை, வாடகை பாக்கி எல்லாம் எந்த மொழியிலும் அதன் வாயில் வந்திருக்காது. தெரியாத இடத்தைப் பிள்ளை விட்டுவிட்டுப் போகும். விட்டுவிட்டது என்று உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

எல்லாச் சொல்லும் தெரிந்த பிள்ளையாகவே இருக்கட்டும். தாய் அழக்கூடிய செய்தியை அது அப்படியே சொல்லுமா? சொல்லாது. மெலிதாக்கும், பாதியை விழுங்கும். நீங்களும் அப்படித்தான். கீழே இரத்தம் போகிறது என்று மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வார்? கணவர் அடிக்கிறார் என்று மகள் வழியாக யார் சொல்வார்? வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வருவீர்கள். வைத்தியரும் வயிற்று வலிக்குத்தான் மருந்து தருவார். பாடசாலையில் ஆசிரியர் பிள்ளையைப் பற்றி முறையிடும்போது அதை மொழிபெயர்ப்பதும் அதே பிள்ளையாக இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வரும் கடிதத்தை எல்லாம் பத்து வயதிலிருந்தே பிரித்து வாசிக்கும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். விசா எப்போது முடிகிறது, மின்சாரக் கட்டணம் எவ்வளவு பாக்கி, உதவிப் பணம் தரும் அலுவலகமான ஜொப்சென்ரர் எதற்காகக் காசை வெட்டியது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம். பாதுகாப்பாக இருக்க வேண்டிய வயதில் வீட்டுக்குப் பாதுகாப்பாக நிற்கிறார்கள். பிறகு பதினாறு வயதில் "சொல் கேட்கிறான் இல்லை" என்று நீங்களே என்னிடம் முறையிடுகிறீர்கள். வீட்டின் பெரிய ஆளாக அவனை ஆக்கியது நீங்கள்தான்.

1983க்குப் பிறகு வந்த மூத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கிழக்கு பேர்லின் வழியாக வந்து முகாம்களில் இருந்தவர்களை இந்த நாடு வகுப்புக்குக் கூப்பிடவில்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிப் போகவும் விடவில்லை. உணவகக் குசினியில் நின்றவர்களுக்குக் கிடைத்த டொச் குசினிக்குள் கேட்டது மட்டும்தான். துருக்கியரையும் 1961இல் ஒப்பந்தம் போட்டு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்து மொழி கற்பிக்காமலே விட்டது ஜேர்மனி. ஒருங்கிணைப்பு வகுப்பு என்ற ஒன்று 2005இல்தான் வந்தது. அந்தப் பழைய தொழிலாளர் தலைமுறைக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம், வாயால் கதைத்தால் போதும் என்று 2024இன் குடியுரிமைச் சட்டம் சலுகை கொடுத்தது. தாமதமாக வந்த நியாயம்தான், ஆனாலும் நியாயம்.

2005க்குப் பிறகு வந்தவர்களோடுதான் எனக்கு வழக்கு. இன்றைக்கு 600 மணி மொழி, 100 மணி நாட்டைப் பற்றிய பாடம் என்று வகுப்பு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பும் இருக்கிறது. திருமணம் முடித்து வருகிற பெண்களில் பெரும்பாலோர் 2007இல் வந்த விதிப்படி கொழும்பிலோ சென்னையிலோ ஏ1 என்ற ஆரம்ப நிலை டொச் பரீட்சை எழுதிச் சித்தியடைந்துதான் வருகிறார்கள். இங்கே வந்ததும் அந்தச் சான்றிதழ் அலமாரிக்குள் போய்விடுகிறது. "நான் இருக்கிறேன்தானே" என்று கணவர் சொல்கிறார். தம்பிமாரே, நீங்கள் எப்போதும் இருப்பீர்களா? நீங்கள் வேலையில் விழுந்தால் அவசர இலக்கமான 112க்கு அடித்து முகவரி சொல்லப்போவது யார்? மனைவியை வகுப்புக்கு விடாமல் வைத்திருப்பது பாசம் இல்லை.

மொழியைப் போலவே நாட்டு வழக்கமும் தெரிய வேண்டும். நான் சொல்வது நத்தார் மரம் வைப்பதையும் பியர் குடிப்பதையும் அல்ல. என்ன சாப்பிடுவது, எந்தக் கோயிலுக்குப் போவது என்பது உங்கள் விருப்பம். எங்கள் ஆட்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் ஹம் நகரில் 2002இலிருந்து கோபுரத்தோடு நிற்கிறது, தேருக்கு ஜேர்மன்காரரும் வருகிறார்கள். நான் சொல்வது, தெரியாவிட்டால் உங்களுக்கு நட்டம் வரும் வழக்கங்களை.

நாலாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அடுத்து எந்தப் பாடசாலைக்குப் போகலாம் என்று ஆசிரியர் சிபாரிசு எழுதுவார். எங்கள் நோர்ட்ரைன்-வெஸ்ற்ஃபாலன் மாநிலத்தில் அது வெறும் சிபாரிசுதான், முடிவு பெற்றோருடையது. இது தெரியாமல், ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்து வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்து "ஜிம்னாசியத்துக்குப் போயிருக்கலாமா?" என்று, பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் பாடசாலையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆசிரியரிடம் எதிர்க் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இங்கே கேள்வி கேட்காத பெற்றோரைத்தான் அக்கறை இல்லாதவர் என்று எண்ணுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தாலும் அதே கணக்குத்தான்.

வைத்தியரிடமும் இதே தலையாட்டல். பெரிய மனிதர் பேசுகிறார், குறுக்கே பேசக் கூடாது என்று "யா, யா" (ஆம், ஆம்) சொல்கிறீர்கள். அந்த "யா"வை அவர் சம்மதம் என்று எழுதுகிறார். சத்திரசிகிச்சைக்கு முன் எதற்குக் கையெழுத்து வைத்தோம் என்று தெரியாமல் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பிள்ளைக்கு அடிப்பது. "நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்பதை யூகன்ட்அம்ற் மேசையில் மொழிபெயர்த்து எனக்கு அலுத்துவிட்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து அடியில்லாமல் வளரும் உரிமை பிள்ளைக்குச் சட்டப்படி உண்டு. இதில் பேரம் இல்லை.

டொச் படித்தால் வீட்டில் தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாய் டொச் படித்ததால் தமிழை விட்ட பிள்ளையை நான் கண்டதில்லை. அம்மாவின் தமிழைக் கடிதமும் கந்தோருமாக மட்டுமே கேட்டு வெறுத்துப்போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வீட்டில் நல்ல தமிழில் கதையுங்கள். அரைகுறை டொச்சில் குழந்தையோடு கதைக்க வேண்டாம், அதைக் குழந்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். உங்கள் டொச் உங்களுக்கு.

சரி, இனிச் செய்ய வேண்டியவை. டேர்மின் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பொலிசும் குற்றவியல் நீதிமன்றமும் தாங்களே இலவசமாக ஒழுங்குசெய்ய வேண்டும், அது உங்கள் உரிமை. வைத்தியரிடம் போகும்போது பொதுக் காப்புறுதி மொழிபெயர்ப்புக்குக் காசு தராது. தருவோம் என்று 2021இல் கூட்டணி அரசு எழுதிவைத்தும் நடக்கவில்லை. அதனால் கேட்டுப் பாருங்கள், சில வைத்தியசாலைகள் தாங்களே கொடுக்கின்றன. இல்லை என்றால் வளர்ந்த உறவினர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளை வேண்டவே வேண்டாம். பிள்ளையை வைத்தே பேசலாம் என்று வைத்தியர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பது குற்றமில்லை.

மஞ்சள் உறையில் வரும் அரச, நீதிமன்றக் கடிதத்தை அன்றே பிரியுங்கள். உறையின் மேல் எழுதியிருக்கும் திகதியிலிருந்து தவணை ஓடத் தொடங்கிவிடும். உறையையும் எறியாதீர்கள். நீதிமன்றத்திலிருந்து வரும் பணக் கோரிக்கைக்கு மறுப்புச் சொல்ல இரண்டு வாரம்தான் இருக்கிறது. குசினி மேசையில் கிடந்து காலாவதியான கடிதங்களோடு என்னிடம் வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இரவில் காய்ச்சல் என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டு இடத்திலும் பேச வேண்டிய நாலு வசனத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பெயர், முகவரி, என்ன நடந்தது, எத்தனை பேருக்கு. சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

வகுப்புக்கு நேரம் இல்லை என்கிறவர்களுக்கு வளர்ந்தோர் கல்வி நிலையமான ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலவில் மாலை வகுப்பு உண்டு. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொச்ச வெல்லவின் பாடங்கள் தொலைபேசியிலேயே இலவசம், பி1 என்ற நடு நிலை வரை இருக்கின்றன. வயது போய்விட்டது என்று சொல்லும் அக்காமாரே, ஐம்பது தாண்டியவர்களும் பி1 எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தொடங்குவதற்கு முன் நிலை அறியும் பரீட்சை ஒன்று வைப்பார்கள். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, உங்களை முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். வெட்கப்படாமல் தயவுசெய்து போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.