முறைக்காய்ச்சல் ஏன் முறை வைத்து வருகிறது?

தாராவியில் எங்கள் சந்துப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தேர்வுக்குப் படிக்க என்னிடம் வருகிறாள். இரத்தம் ஒரு நாள், கல்லீரல் ஒரு நாள், மூளை ஒரு நாள் என்று பிரித்து வைத்துப் படிக்கிறாள். தனித்தனியாகக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். சேர்த்துக் கேட்டால் விழிப்பாள்.

"அக்கா, மலேரியாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் ஏன் வருது?" என்றாள். நல்ல கேள்வி. முறைக்காய்ச்சல் என்று பழைய ஆட்கள் பேர் வைத்ததே அதனால்தானே!

மலேரியா என்றதும் சாக்கடையைத் திட்டுகிறோம். மும்பையில் அதைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவதோ மொட்டைமாடித் தொட்டி, மூடாத டிரம் என்று நல்ல தண்ணீரில். பெண் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு பிளாஸ்மோடியம் கிருமி உள்ளே இறங்குகிறது. அது நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் சத்தமில்லாமல் பெருகும். அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று பெருகும். இங்கே அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். முடிந்ததும் அணுக்கள் உடைந்து, கிருமியின் கழிவு இரத்தத்தில் கொட்டுகிறது. அதைக் கண்ட வெள்ளையணுக்கள் வேதிப்பொருள்களைச் சுரக்க, மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் சூட்டின் அளவை ஏற்றி வைக்கிறது. 98.6 டிகிரியில் இருக்கிற உடம்பு இப்போது அதன் கணக்கில் குளிர்ந்துபோன உடம்பு. சூடேற்றத் தசைகள் உதறுகின்றன, பல் கிட்டுகிறது, கம்பளி கேட்கிறோம். சூடு ஏறி, அளவு மறுபடி இறங்கியதும் வியர்த்துக் கொட்டும். அடுத்த கூட்டம் உடைய இன்னும் 48 மணி நேரம். ஆரம்பத்தில் அணுக்கள் ஒன்றாக உடையாது, அதனால் முதல் சில நாட்கள் காய்ச்சல் தாறுமாறாகத்தான் வரும். உடைந்த குப்பையைக் கழித்துக் கழித்து மண்ணீரலும் வீங்கும்.

இத்தோடு முடியவில்லை. வைவாக்ஸ் கிருமிகள் சில கல்லீரலிலேயே தூங்கும். அவற்றைக் கொல்லத்தான் 14 நாள் பிரிமாகுயின் மாத்திரை. நான் காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே நிறுத்தினேன். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அது. மறு வருஷம் மே மாத வெயிலில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, இரண்டு கம்பளிக்குள் கிடந்தேன்.